இரு அரசுகளும் மரண தண்டனை விதித்த ஜெர்மானியத் தளபதி யார்?

ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் தனித்தனியே மரண தண்டனை விதித்த அந்தத் தளபதி, வால்டர் ஃபொன் சைட்லிட்ஸ்.

1888இல் ஹாம்பர்க்கில் பிறந்த அவர், 1942 வசந்த காலத்தில் ரஷ்யாவின் டெம்யான்ஸ்கில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த ஜெர்மானியப் படைகளை எட்டுவதற்கு வழி திறந்தவர். அதனால் முற்றுகையின் இயல்பை அனுபவத்தில் அறிந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது ராணுவம் சோவியத் படைகளால் சூழப்பட்டபோது, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், எடுத்துச் செல்ல முடியாத பொருள்களை எரித்துவிட்டு வடமுனையிலிருந்து பின்வாங்குமாறு தம் படைப்பிரிவுக்கு ஆணையிட்டார். அதை அறியாத ஹிட்லர், முற்றுகையின் வடபகுதியையே அவர் பொறுப்பில் விட்டார் என்பது வரலாற்றின் விந்தை. நவம்பர் 25ஆம் தேதி, வான்வழி வரும் உணவும் வெடிமருந்தும் போதவே போதாது, உடைத்துக்கொண்டு வெளியேறுவதே வழி என்று ஆறாவது ராணுவத்தின் தளபதி பவுலஸுக்கு எழுத்து மூலம் வற்புறுத்தினார். பவுலஸ் இணங்கவில்லை. அந்தக் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால் எத்தனை வீரர்கள் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

1943 ஜனவரி இறுதியில் சோவியத் படைகளிடம் சிறைபட்ட அவர், செப்டம்பரில் மாஸ்கோவுக்கு அருகே ஹிட்லரை எதிர்க்கும் ஜெர்மானிய அதிகாரிகள் சங்கத்துக்குத் தலைவரானார். இதற்காக 1944இல் ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம், அவர் நேரில் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது. அவருடைய மனைவியும் மகள்களும் காவலில் வைக்கப்பட்டனர். அவரைப் பயன்படுத்திக்கொண்ட சோவியத் அரசும் 1950இல் போர்க்குற்றவாளி என மரண தண்டனை அறிவித்து, பின் 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. 1955இல் விடுதலையாகி மேற்கு ஜெர்மனிக்குத் திரும்பிய அவரைப் பழைய தோழர்கள் பலர் துரோகி என்றே ஒதுக்கினர். 1976இல் பிரேமனில் காலமானார்.