கொடுக்கிணைப்பில் இருப்பது எந்தக் கொடுக்கு?

கேள்வி: வேதியியல் பாடத்தில் 'கொடுக்கிணைப்புச் சேர்மம்' என்ற சொல் வருகிறது. எலக்ட்ரான் இணையைக் கொடுப்பதால் உண்டாகும் பிணைப்பு என்பதால் இப்பெயர் வந்ததா, அல்லது தேளின் கொடுக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உங்கள் முதல் ஊகம் இயல்பானதே. இச்சேர்மங்களில் எலக்ட்ரான் இணையை ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) கொடுக்க, நடுவிலுள்ள உலோக அயனி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தக் கொடையைக் குறிக்க 'ஈதல் சகப்பிணைப்பு' என்ற சொல் தனியே இருக்கிறது. கொடுக்கிணைப்பில் உள்ள 'கொடுக்கு' வினையிலிருந்து வந்ததன்று, உறுப்பின் பெயர். அதுவும் தேளின் நஞ்சுக் கொடுக்கு அன்று, நண்டு இரையைக் கவ்விப் பிடிக்கும் கொடுக்கு.

சிங்கி இறால் போன்ற உயிர்களின் பெருங்கொடுக்கைக் குறிக்கும் 'கீலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, மார்கன், ட்ரூ ஆகிய பிரித்தானிய வேதியியலாளர்கள் 1920-இல் 'கீலேட்' என்ற அடைமொழியை உருவாக்கினர். அதன் ஒலியை விட்டுவிட்டு உவமையை எடுத்துக்கொண்ட தமிழ்க் கலைச்சொல், என் கருத்தில், மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று.

நண்டின் கொடுக்கில் கவ்வும் இரு முனைகளும் ஒரே காலைச் சேர்ந்தவை. அவ்வாறே, ஒரே ஈனி தன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்களால் ஒரே உலோக அயனியைப் பற்றும்போதுதான் கொடுக்கிணைப்பு உண்டாகிறது. ஒற்றை நைட்ரஜனை உடைய அம்மோனியாவால் இது இயலாது. இரண்டு நைட்ரஜன்களை உடைய எத்திலீன்டைஅமீன் உலோகத்தையும் சேர்த்து ஐந்தணு வளையமாக மூடிக்கொள்கிறது.

இந்தப் பிடியின் உறுதி வியப்புக்குரியது. நிக்கல் அயனியை ஆறு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்தாலும், மூன்று எத்திலீன்டைஅமீன் மூலக்கூறுகள் சூழ்ந்தாலும், அதைப் பற்றுபவை ஆறு நைட்ரஜன்களே. ஆயினும் நீர்க்கரைசலில் இரண்டாவதன் நிலைப்புத்தன்மை மாறிலி (பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும் எண்) முதலாவதைவிட ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு பெரியது. அயனியைச் சூழ்ந்திருந்த ஆறு நீர் மூலக்கூறுகளை மூன்றே மூலக்கூறுகள் வெளியேற்றுவதால், கரைசலில் தனித்துத் திரியும் துகள்களின் எண்ணிக்கை கூடி என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, உயர்வது இதற்கு முதன்மையான காரணம். மேலும், ஒரு முனை நழுவினாலும் மறுமுனை பிடித்திருப்பதால், நழுவிய முனை விலகிப் போவதற்குள் மீண்டும் பற்றிக்கொள்கிறது.

ஆறு அணுக்களால் பற்றவல்ல இ.டி.டி.ஏ. என்ற ஈனியின் கால்சியம் உப்பை ஈய நஞ்சேற்றத்துக்கு மருந்தாகத் தருவதும் இதனால்தான். கால்சியத்தை விடுத்து ஈயத்தை அது இறுகப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்தே சிறுநீரில் வெளியேறுகின்றன.