ஆன்லைன்ல ஓடுற ரேடியோவ வீட்டு கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிறது எப்படி?

பண்ணலாங்க, பைசா செலவில்லாம பண்ணலாம். நான் இதுக்குள்ள இறங்கினதே தண்ணிப் பிரச்சனையாலதான், அதையும் சேத்தே சொல்லிடறேன், ஏன்னா நீங்க எந்த வழிய எடுக்கணும்ங்கறது எதுக்காக ரெக்கார்ட் பண்றீங்கங்கறதப் பொறுத்துதான் இருக்கு.

எங்க வீடு மும்பைல, ஜிடிபி நகர் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கிற தூரம், பழைய ஆளுங்க இன்னும் சயான் கோலிவாடான்னுதான் சொல்லுவாங்க. இங்க முனிசிபாலிட்டி தண்ணி காலையில ஆறு மணி வாக்குல வரும், ஒண்ணரை மணி நேரத்துல நின்னுடும், அதுக்குள்ள ட்ரம்மு, குடம், பாத்ரூம் பக்கெட்டு எல்லாம் ரொப்பியாகணும், அந்த டிபார்ட்மெண்ட் எங்கப்பாவோடது. அப்பா தேனிப் பக்கம். ஊர்ல இருந்தவரைக்கும் கோடை எஃப்எம், அதாவது கொடைக்கானல் ஆகாசவாணி, இல்லாம அவருக்குப் பொழுதே விடிஞ்சதில்ல. இங்க வந்தப்புறம் ஃபோன்ல நியூஸ் ஆன் ஏர் ஆப்ப போட்டுக் குடுத்தேன், ஆகாசவாணி ஸ்டேஷனுங்க நிறைய அதுல வருது, கொடைக்கானலும் இருக்கு. ஆனா அவர் கேக்க ஆசைப்படுற நேரமும் தண்ணி வர்ற நேரமும் ஒண்ணு. குழாய் சத்தத்துல ஃபோன்ல என்ன பேசுறாங்கன்னே தெரியாது. ஒரு நாள் கேட்டுட்டார், "ஏண்டா, முன்னாடியெல்லாம் டேப்ல பிடிப்போமே, அது மாதிரி பிடிச்சு வைக்க முடியாதா?"

முதல் நாள் நான் பண்ணது முட்டாள்தனம். ஃபோன்ல ரேடியோவ ஓடவிட்டு லேப்டாப் மைக் பக்கத்துல வெச்சு ரெக்கார்ட் போட்டேன். சாயந்தரம் போட்டுக் கேட்டா குக்கர் மூணு விசில், கீழ காய்கறி வண்டிக்காரன் "காந்தா, படாட்டா"ன்னு கத்துறது, அம்மா யாரையோ திட்டுறது எல்லாம் கணீர்னு கேக்குது, ரேடியோ எங்கயோ பக்கத்து வீட்ல ஓடுற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு மைக் வெச்சு மட்டும் பிடிக்காதீங்க.

அடுத்து ஆடாசிட்டி, சத்தத்த ரெக்கார்ட் பண்ற ஒரு இலவச புரோகிராம். எல்லாரும் சொல்றது இதுதான், தப்பும் இல்ல. விண்டோஸ்ல ஆடியோ ஹோஸ்ட்னு இருக்கிற இடத்துல விண்டோஸ் வசாபின்னு மாத்தி, ரெக்கார்டிங் டிவைஸ்ல ஸ்பீக்கர் பேருக்குப் பக்கத்துல லூப்பேக்னு போட்டிருக்கும், அதத் தேர்ந்தெடுத்துட்டா மைக்கே தேவையில்ல, கம்ப்யூட்டர்குள்ள ஓடுற சத்தத்த அப்படியே பிடிச்சுக்கும். பழைய கம்ப்யூட்டர்னா சவுண்ட் செட்டிங்ஸ்ல ரெக்கார்டிங்ங்கற பக்கத்துல ரைட் கிளிக் பண்ணி, டிசேபிள் ஆன டிவைஸ காட்டுன்னு சொன்னா ஸ்டீரியோ மிக்ஸ்னு ஒண்ணு எட்டிப் பாக்கும், அதுவும் இதே வேலைதான் பண்ணும். மேக்ல இந்த வசதி கூடவே வராது, பிளாக்ஹோல்னு ஒரு இலவச டிரைவர் போட்டுக்கணும். லினக்ஸ்காரங்களுக்கு மானிட்டர்னு ஒரு சோர்ஸ் ஏற்கெனவே இருக்கும், அவங்களுக்கு நான் சொல்லித்தரணும்னு இல்ல.

இதுல ரெண்டு தொந்தரவு. கம்ப்யூட்டர்ல வர்ற எல்லா சத்தமும் உள்ள விழும், ஆபீஸ் மெயில் "டிங்"னு வந்தா அதுவும் பழைய பாட்டுக்கு நடுவுல "டிங்". அப்புறம் சைஸ். ஆடாசிட்டி அதோட வழக்கமான செட்டிங்ல 32 பிட்ல ஸ்டீரியோவா பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.27 ஜிபி டிஸ்க்ல போயிடும். சிடி தரத்துல, சுருக்காத வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணாலும் ஒரு மணி நேரம் 635 எம்பி. ஆனா அந்த ரேடியோ உங்க வீட்டுக்கு வர்றதே 64 கேபிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 64 கிலோபிட்லன்னு வெச்சுக்குங்க, ஒரு மணி நேரத்துக்கு மொத்தமே 29 எம்பிதான் நெட்ல இறங்கியிருக்கும். வந்தது 29, அத நாம ஊதி 635 ஆக்கி வெச்சிருக்கோம், தரம் ஒரு துளி கூட ஏறல. அதையே திரும்ப எம்பி3 ஆக்கினா ஏற்கெனவே சுருக்கினத விரிச்சு மறுபடி சுருக்கின கணக்கு, இன்னும் கொஞ்சம் கெடும்.

இது புரிஞ்ச அன்னிக்குதான் வழிய மாத்தினேன். சத்தத்த ஏன் பிடிக்கணும், வர்ற டேட்டாவையே அப்படியே ஃபைல்ல இறக்கிட்டா போதுமே. நெட் ரேடியோங்கறது ஒரு முகவரிலேர்ந்து நிக்காம வந்துட்டே இருக்கிற ஃபைல் மாதிரிதான். சிலது ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் வகை, ஒரே ஓட்டமா வரும். சிலது எச்எல்எஸ், சில செகண்ட் நீளத்துக்குத் துண்டு துண்டா வெட்டி, எம்3யு8னு முடியுற ஒரு லிஸ்ட்ட வெச்சு வரிசையா அனுப்புவாங்க. அந்த முகவரி உங்க கைல கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. பிரவுசர்ல ரேடியோவ ஓடவிட்டு எஃப்12 அமுக்குங்க, நெட்வொர்க் டேபுக்குப் போங்க, ஃபில்டர்ல எம்3யு8னு அடிங்க, பேஜ ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணுங்க, வந்து நிக்கும். வரலன்னா மீடியாங்கற பட்டன அமுக்கிப் பாருங்க.

ஒண்ணு ரெண்டு தடவை பிடிச்சா போதும்னா விஎல்சிங்கற இலவச பிளேயரே போதுங்க. கண்ட்ரோலோட என் அமுக்கினா முகவரி கேக்கும், ஒட்டிடுங்க, பாடும். வியூ மெனுல அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ டிக் பண்ணா செவப்பா ஒரு ரெக்கார்ட் பட்டன் வரும், ஒரு அமுக்கு ஆரம்பம், மறு அமுக்கு முடிவு. ஃபைல் எங்க போச்சுன்னு தேடாதீங்க, மியூசிக் இல்லன்னா வீடியோஸ் ஃபோல்டர்ல இருக்கும். அந்தக் காலத்து டூ இன் ஒன்ல செவப்பு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேத்து அமுக்குவோமே, அப்பாவுக்கு இதக் காட்டினதும், "இவ்ளோதானா?"ன்னார்.

தினமும் தானா பிடிக்கணும்னா எஃப்எஃப்எம்பெக்னு (ffmpeg) ஒரு இலவச புரோகிராம் இருக்கு. கருப்பு ஸ்கிரீன்ல டைப் பண்ற சமாச்சாரம், பாத்துப் பயப்படாதீங்க, ஒரே வரிதான். இன்புட்டா அந்த முகவரி, கோடெக்க (சத்தத்த சுருக்குற முறை) காப்பின்னு சொல்லணும், அதாவது எதையும் மாத்தாதே வந்தத அப்படியே எழுதுன்னு அர்த்தம், எத்தனை செகண்ட்னு -t போட்டுச் சொல்லணும், ஒரு மணி நேரம்னா 3600, கடைசியா ஃபைல் பேரு. முடிஞ்சுது. நடுவுல நிறுத்தணும்னா க்யூ அமுக்குங்க, ஜன்னல பட்டுனு மூடாதீங்க.

ஏன் இத சொல்றேன்னா நான் பட்டிருக்கேன். ஃபைலுக்கு எம்4ஏன்னு பேர் வெச்சிருந்தேன். எங்க லேப்டாப் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, ஒயர்லதான் உயிர் வாழுது. தம்பி பையன் சார்ஜர பிடுங்கிட்டான், ஐம்பது நிமிஷம் ரெக்கார்ட் ஆனது ஒரு செகண்ட் கூட ஓடல. எம்4ஏ வகை ஃபைல் எங்க என்ன இருக்குங்கற அட்டவணைய கடைசிலதான் எழுதும், அது எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா உள்ள எல்லாம் இருந்தும் திறக்க முடியாது. அதனால நான் இப்ப எம்கேஏன்னுதான் வெக்கிறேன், பாதில அறுந்தாலும் அறுந்த இடம் வரைக்கும் பாடும்.

ரெண்டாவது அடி ஃபைல் பேர்ல. முதல் நாள் அழகா பிடிச்சுது, மறுநாள் வந்து பாத்தா புது ஃபைல் இல்ல, கருப்பு ஜன்னல்ல "இதே பேர்ல ஃபைல் இருக்கே, மேல எழுதட்டுமா?"ங்கற மாதிரி ஒரு கேள்விய இங்கிலீஷ்ல கேட்டுட்டு காலையிலேர்ந்து பதிலுக்குக் காத்திட்டு நிக்குது. அந்த வரிய எழுதி வெச்சிருக்கிற பேட்ச் ஃபைல்ல அன்னிக்குத் தேதி பேரோட சேர்ற மாதிரி எழுதினதும் சரியாச்சு.

நேரத்துக்கு ஆரம்பிக்க விண்டோஸ்லயே டாஸ்க் ஷெட்யூலர் இருக்கு. அதுல கண்டிஷன்ஸ் பக்கத்துல, கம்ப்யூட்டர் தூங்கிட்டிருந்தா எழுப்புன்னு ஒரு டிக் இருக்கும், அதப் போடுங்க, பவர் ஆப்ஷன்ஸ்ல வேக் டைமரையும் அனுமதிக்கணும், ரெண்டுல ஒண்ண விட்டாலும் எழுந்திருக்காது. முடியுற நேரத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கூட வெச்சுக்குங்க, நெட்ல வர்றது நிஜ ஒலிபரப்புக்கு அரை நிமிஷம் கூடப் பின்னாடி வரலாம், நிகழ்ச்சியோட வால் அறுந்துடும். வெளிநாட்டு ஸ்டேஷன்னா கடிகாரத்தப் பாருங்க, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், சிங்கப்பூர் ஒலி 96.8ன்னா அவங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க காலை ஒன்பதுன்னா இங்க ஆறரை.

சட்டம் கேப்பீங்க. 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கு, நீங்க பிடிச்சு உங்க வீட்ல கேக்கிறத நான் அந்தக் கணக்குலதான் பாக்கறேன். யூடியூப்ல ஏத்தறது, குரூப்ல பரப்புறது எல்லாம் வேற கதை, அதுக்கு நான் வரல. பூட்டுப் போட்ட கட்டண ஸ்ட்ரீம உடைக்கிறது எப்படின்னும் கேக்காதீங்க.

"இதுக்கு இவ்ளோ பாடா, பாட்டெல்லாம் யூடியூப்லயே இருக்கே"ன்னு என் வீட்டம்மாவே கேட்டாங்க. பாட்டு இருக்கு. நடுவுல அறிவிப்பாளர் பேசுறது, நேயர் பேரு ஊரு எல்லாம் வாசிக்கிறது, போடிலேர்ந்து யார் கேட்டிருக்காங்க, பெரியகுளத்துலேர்ந்து யார் கேட்டிருக்காங்கங்கறது எங்க இருக்கு? அப்பா கேக்கறது அதத்தான், பாட்டு வந்தா அந்த கேப்ல தண்ணி குடிக்கப் போயிடுவார். அதனால நீங்களும் வெட்டி ஒட்டி பாட்ட மட்டும் எடுக்க நினைக்காதீங்க, விளம்பரம் உட்பட முழுசா வையுங்க, சைஸ் என்ன பெருசா ஆகப்போகுது.

கடைசியா ஒண்ணு விட்டுட்டேன். பென்டிரைவ் சொருகுற சின்ன ஸ்பீக்கர் பாதிக்கு எம்பி3 தவிர வேற எதுவும் தெரியாது, எங்க வீட்டுதும் அப்படித்தான், அதனால அப்பாவுக்குக் குடுக்கிற காப்பிய மட்டும் எம்பி3யா மாத்தித் தர்றேன், ஒரிஜினல் கம்ப்யூட்டர்லயே இருக்கும். பதினோரு மணிக்கு சாப்பிட்டு முடிச்சு பால்கனிப் பக்கம் உக்காந்து போட்டுப்பார். நடுவுல "நேரம் ஆறு மணி நாற்பது நிமிடம்"னு வரும்போதெல்லாம் இன்னிக்கும் ஒரு தடவை நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் குனியறார்.