உஷப்தி பாவைகள்: கேள்வி பதில்

கேள்வி: எகிப்தியக் கல்லறைகளில் கிடைக்கும் உஷப்தி, இறந்தவரின் வேலைக்காரனா, இறந்தவரேதானா?

பதில்: முதலில் இறந்தவரின் பதிலாள்தான், மறுமையில் அவரை வேலைக்குக் கூப்பிட்டால் அவருக்காக நிற்கும் சிறு பாவை. அதனால்தான் மம்மி உருவம், மேலே சொந்தக்காரரின் பெயர். வேலையாள் என்ற எண்ணம் பிறகு மெல்ல வலுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 22ஆம் வம்சக் காலத்து (சுமார் கி.மு. 945–715) பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், ரசீது ஒன்று உண்டு. 365 உஷப்திகள், 36 மேற்பார்வையாளர்கள், ஆக 401 பாவைகளுக்கும் வெள்ளி பெற்றுக்கொண்டதாக ஆமூன் தெய்வத்தின் கோயிலில் தாயத்துச் செய்வோர் தலைவர் அதில் எழுதிக் கொடுக்கிறார். பாவைகளை ஆண், பெண் அடிமைகள் என்றே குறிப்பிடுகிறார். எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கேள்வி: 401 என்ன கணக்கு?

பதில்: நாளுக்கு ஓர் ஆள், பத்துப் பேருக்கு ஒரு கங்காணி. கங்காணியை அடையாளம் காண்பது எளிது: கையில் சாட்டை, இடுப்பில் உயிரோடிருப்பவர் கட்டும் ஆடை. மன்னர் துட்டன்காமுனுக்கு மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர் சேர்ந்து 413. இந்தக் கணக்கை எல்லாக் காலத்துக்கும் போட்டுவிடாதீர்கள். நடு அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 2050–1700) ஒன்றிரண்டு வைத்தாலே போதும். சூடானின் நூரியில் மன்னர் தஹார்காவின் பிரமிடில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

கேள்வி: மேலே என்ன எழுதியிருக்கும், ஐயா?

பதில்: முழு வாசகம் என்றால், இறந்தவருக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 6ஆம் மந்திரம். மறுமையில் வயலை உழ, கரைநிலத்துக்கு நீர் பாய்ச்ச, மணலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுமக்க இன்னாரைக் கூப்பிட்டால், "இதோ நான்" என்று நீ சொல் எனப் பாவைக்கு இடும் கட்டளை. சிறியவற்றில் "ஒசிரிஸ் இன்னார்" என்பதோடு சரி; ஒசிரிஸ் இறந்தோரின் தெய்வம், இறந்தவரை அந்தப் பெயரால் அழைப்பார்கள்.

கேள்வி: அந்த நீலப் பளபளப்பு எப்படி வந்தது?

பதில்: அது ஃபாயன்ஸ், களிமண் அல்ல. குவார்ட்ஸ் தூள், கொஞ்சம் சுண்ணாம்பு, நாட்ரான் என்ற சோடா உப்பு அல்லது செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு. நீர்விட்டுப் பிசைந்து, சுட்ட மண் அச்சில் அழுத்தி எடுப்பார்கள். அச்சு முன்பக்கத்துக்கு மட்டும். அதனால்தான் பல பாவைகளின் முதுகு தட்டையாக இருக்கிறது. காயும்போது உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். சுமார் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்தப் பூப்பு உருகிக் கண்ணாடிப் பூச்சாகும். பிசைந்த மாவுக்குக் களிமண்ணின் இழுவை கிடையாது, வளைத்தால் விண்டுவிடும். ஆகவே விரல், மூக்கு நுணுக்கமெல்லாம் மழுங்கலாக வரும். காயும்போது கை பட்டு உப்பு உதிர்ந்தால், அந்த இடம் சூளையிலிருந்து மொட்டையாக வெளிவரும். தரையில் படிந்திருந்த பக்கமும் அப்படியே.

கேள்வி: நரபலிக்கு மாற்றாகத்தான் இவை வந்தன என்கிறார்களே?

பதில்: காலம் ஒத்துவரவில்லை. அபிடோஸில் முதல் வம்ச மன்னர் ஜெரின் (சுமார் கி.மு. 3000) கல்லறையைச் சுற்றி 300க்கு மேற்பட்ட துணைப் புதைகுழிகள் உண்டு. அந்த வழக்கம் முதல் வம்சத்தோடு அநேகமாக நின்றுபோனது. உஷப்தியின் முன்னோடிகளான மெழுகு, மண் பாவைகள் வருவதோ எட்டு நூற்றாண்டுகளாவது கழித்து.

கேள்வி: எகிப்திய உயரதிகாரி மெகெட்ரேயின் கல்லறையில் கிடைத்த மரப் பொம்மைகளும் உஷப்திதானா?

பதில்: இல்லை. 1920இல் தீப்ஸில் கிடைத்த அவை ரொட்டி சுடும், பீர் வடிக்கும், மாடு எண்ணும் மாதிரிகள். எசமானுக்கு உணவும் வசதியும் தருவது அவற்றின் வேலை. கூப்பிட்ட குரலுக்கு எசமானின் இடத்தில் நின்று பதில் சொல்வது உஷப்தி மட்டுமே.