இடப்பக்கம் இழுக்கும் விமானம்

அன்புள்ள சார்,

வீடு பம்மலில். மொட்டை மாடியில் நின்று விமானம் பார்த்தே வளர்ந்தவன். சமீபத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒற்றை இன்ஜின் குட்டி விமானம், வேகமெடுக்கும்போதே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் இறங்கிவிட்டது. ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்கியது, காற்றே இல்லை. பைலட் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்திருக்கக் கூடாதா?

— பம்மல் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒடித்திருப்பார், பலன் இருந்திருக்காது. கையில் இருப்பது இறக்கையைச் சாய்ப்பதற்கு. தரையில் விமானத்தைத் திருப்புவது கால்தான். வலது பெடலை மிதித்தால் வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கான் பலகை வலப்பக்கம் திரும்பும், செஸ்னா 172 போன்ற குட்டி விமானங்களில் மூக்குச் சக்கரமும் கூடவே திரும்பும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பதற்றத்தில் கைதான் முந்தும்.

சரி, காற்றில்லாமல் ஏன் இழுக்கிறது? பெரும்பாலான குட்டி விமானங்களில், பைலட் இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகாரச் சுற்றாகச் சுழலும். அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதும். வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் வரும். சுழற்சியின் எதிர்விசை வேறு இடது சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். முழு த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி), குறைந்த வேகம் என்ற நிலையில்தான் இதெல்லாம் மோசம். சுக்கானுக்கும் அப்போது போதிய பிடிப்பு இருக்காது. அதனால் த்ராட்டிலைத் தள்ளும்போதே வலது காலும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். (பழைய டைகர் மாத் பயிற்சி விமானத்தில் சுழற்சி தலைகீழ். அது வலப்பக்கம் இழுக்கும்.)

கைமீறுகிறது என்று தெரிந்தால் த்ராட்டிலை மூட வேண்டும். இங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு. மூடியதும் இழுப்பு போய்விடும், அழுத்திய கால் அப்படியே இருக்கும். விமானம் வெடுக்கென்று வலப்பக்கம் பாயும். கையும் காலும் சேர்ந்தே தளர வேண்டும்.

காற்று இருந்தால் கணக்கு மாறும். நம் மீனம்பாக்கத்தில் கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால், கிட்டத்தட்டக் கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதையில் ஓடும் விமானத்துக்கு அது வலப்பக்கக் காற்று. வாலைத் தள்ளி, மூக்கை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். ப்ரொப்பெல்லரின் இழுப்பில் கொஞ்சம் கழிந்துவிடும். வடக்கிலிருந்து அடித்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

அந்த பைலட்டைக் குறை சொல்லும் முன் வீடியோவை மறுபடி போட்டு வாலைப் பாருங்கள். சுக்கான் நேராகவே இருந்தால் கால் தூங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் முழுக்கத் திரும்பியும் இழுத்திருந்தால் டயர், பிரேக், மூக்குச் சக்கரம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.