சி டிரைவை இமேஜ் எடுத்து டி-யில் வைத்தால் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய அளவில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். விண்டோஸ் 11 ஹோம் உள்ள லேப்டாப். 512 ஜிபி எஸ்எஸ்டி, சி, டி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. ‘சி டிரைவைக் கோஸ்ட் எடுத்து டி-யில் போட்டுத் தருகிறேன், விண்டோஸ் படுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் பழையபடி கொண்டுவந்துவிடலாம், 1,500 ரூபாய்’ என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? திரும்பப் போடும்போது டி-யில் உள்ள ஃபைல்கள் போய்விடுமா?

பதில்: கடைக்காரர் ‘கோஸ்ட்’ என்று சொல்வது இமேஜ், அதாவது டிரைவில் உள்ள விண்டோஸ், சாஃப்ட்வேர், ஃபைல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவைக்கும் நகல். அதை எடுத்து வைப்பது நல்ல வேலை, அவசியம் செய்யுங்கள். ஆனால் டி-யில் வைக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஒரே எஸ்எஸ்டி. அதற்குள் பிரித்த இரண்டு பகுதிகள்தான் சி-யும் டி-யும். விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் டி-யில் உள்ள இமேஜ் உதவும். எஸ்எஸ்டியே போய்விட்டால் சி, டி, இமேஜ் எல்லாம் சேர்ந்து போகும். பழைய ஹார்ட் டிஸ்க்காவது கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. நேற்று இரவு வரை ஓடியது, காலையில் பயாஸிலேயே (லேப்டாப் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தெரியாமல் போய்விடும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தாலும் டி-யையும் சேர்த்தே பூட்டும். அதனால் இமேஜை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுங்கள், முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். எப்போதும் லேப்டாப்பில் செருகியே இருக்கும் டிஸ்க் இதற்கு உதவாது.

டி-யில் உள்ளவை போகுமா என்றால், திரும்பப் போடுபவர் எதை டிக் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. சி பார்ட்டிஷனை மட்டும் தேர்ந்தெடுத்தால் டி-யைத் தொடாது. முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன் அமைப்பையே புதிதாக எழுதிவிடும், டி காலி. விண்டோஸுடன் வரும் கருவியில் ‘ஃபார்மட் அண்ட் ரீபார்ட்டிஷன் டிஸ்க்ஸ்’ என்றும், ரெஸ்கியூசில்லா என்ற இமேஜ் மென்பொருளில் ‘ஓவர்ரைட் பார்ட்டிஷன் டேபிள்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். புது எஸ்எஸ்டியில் போடும்போது அது தேவை. அதே பழைய எஸ்எஸ்டியில் சி-யை மட்டும் மீட்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அவசரத்தில் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகிறவர் கையில் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, உங்கள் தொழிலுக்கு அதுதான் பெரிய ஆபத்து. இமேஜைத் திரும்பப் போட்டால் சி டிரைவ் முழுக்க, இமேஜ் எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். இடையில் சேர்ந்த எதுவும் இருக்காது. கணக்கு மென்பொருளான டாலிபிரைமை நிறுவும்போது இடத்தை மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் கம்பெனி டேட்டா சி-யில்தான் இருக்கும். யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிபிரைம், அதற்குள் டேட்டா. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி-தான். ஏப்ரலில் எடுத்த இமேஜை ஆகஸ்டில் போட்டால் நான்கு மாத வவுச்சர் காணாமல் போகும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் விண்டோஸ் நின்றுவிட்டால், யாருக்கும் இது ஞாபகம் வராது. ‘சீக்கிரம் ஓட வையுங்க’ என்பார் நீங்கள் கணக்கு எழுதும் முதலாளி. கடைக்காரரும் ஓட வைத்துவிடுவார்.

ஆகவே டாலி டேட்டாவை டி-க்கு மாற்றுங்கள். தினமும் வேலை முடிந்ததும் டாலியில் ஆல்ட்+ஒய் தட்டி, ‘பேக்அப்’ கொடுத்து ஒரு பென் டிரைவில் எடுங்கள். இமேஜ் என்பது விண்டோஸ், டாலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவர், பிரிண்டர், தமிழ் ஃபான்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாக நிறுவும் ஒன்றிரண்டு நாள் பாட்டை மிச்சப்படுத்துவதற்கு. தினசரிக் கணக்குக்கு அது காவல் இல்லை.

அப்புறம் இந்த ‘கோஸ்ட்’. அந்தப் பெயர் வந்த நார்ட்டன் கோஸ்ட் என்ற இமேஜ் மென்பொருளின் விற்பனை 2013-லேயே நின்றுவிட்டது. இன்றைக்குச் சில கடைகளில் கோஸ்ட் என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் கிராக் போட்டு, எல்லா சாஃப்ட்வேரும் அடைத்துத் தயாராக வைத்திருக்கும் ஒரே இமேஜ். வருகிற லேப்டாப்பில் எல்லாம் அதையே இறக்குவார்கள். அது உங்கள் விண்டோஸின் நகல் இல்லை. ஆக்டிவேஷன் கிராக்குகளில் பல, ஆன்டிவைரஸை அணைத்தால்தான் வேலை செய்யும். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும், வங்கி லாகினும், ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ எழுதிய கிராக்கை ஓடவிடுவதை எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். எஸ்எஸ்டி மாற்றினாலும் அதே ஹோம் பதிப்பை நிறுவி, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ‘கீ தனியாக வாங்கணும் சார்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இமேஜ் எடுக்கும் முன்பு ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’. இது ஆன் என்றிருந்தால் உங்கள் சி டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பூட்டைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தார்களோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். இப்போது யோசியுங்கள்: உங்கள் லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்து தயார் செய்தது யார்? கடைப் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டிருந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவர் கணக்கில் இருக்கிறது. பயாஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாறினாலோ நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. பயனரிடம் தெளிவாகக் கேட்காமலே பூட்டுப் போட்டுவிட்டு, சாவி எங்கே போனது என்பதை யாரும் படிக்காத ஓரத்தில் எழுதிவைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை. பூட்டு நல்லதுதான், லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் சாவி உங்களிடம் இருக்க வேண்டாமா?

அதனால் முதலில் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறுங்கள். என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். முழுதாகத் திறந்து முடிய நேரம் பிடிக்கும், நடுவில் அணைக்காதீர்கள். பிறகு இமேஜ் எடுங்கள். பூட்டிய நிலையிலேயே வெளியிலிருந்து இமேஜ் எடுத்தால், எது ஃபைல், எது காலி இடம் என்று கருவிக்குத் தெரியாது. முழு பார்ட்டிஷனையும் அப்படியே அள்ளும், இமேஜ் பிரம்மாண்டமாக வரும். எடுத்து முடித்ததும் மறுபடி ஆன் செய்து, மீட்பு எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். இமேஜைத் திரும்பப் போட்ட பிறகும் சி பூட்டில்லாமல்தான் வரும், திரும்ப ஆன் செய்ய வேண்டும். இமேஜ் ஃபைலுக்கும் பூட்டு இல்லை என்பதால் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை யாரிடமும் கைமாற்றாகக் கொடுக்காதீர்கள்.

எந்தக் கருவி? விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘பேக்அப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரோடு விண்டோஸ் 11-லும் உட்கார்ந்திருக்கிறது. 2017-லேயே ‘இனி இதை மேம்படுத்த மாட்டோம், வேறு நிறுவனக் கருவியைப் பயன்படுத்துங்கள்’ என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. எடுத்து முடித்ததாகச் சொல்லும், திரும்பப் போடும் நேரத்தில் காரணம் புரியாத பிழை எண்ணைக் காட்டி நிற்கும். நம்ப வேண்டாம்.

உங்களுக்கு ரெஸ்கியூசில்லா போதும், இலவசம். தைவானில் உருவாக்கப்பட்ட குளோன்சில்லா என்ற இமேஜ் மென்பொருளின் முறையையே பயன்படுத்துகிறது, ஆனால் திரையில் பட்டன்கள் இருப்பதால் பயமில்லை. ஒரு பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதி, லேப்டாப்பை அதிலிருந்து கிளப்ப வேண்டும். லேப்டாப் கிளம்பும்போது அதற்குத் தட்ட வேண்டிய விசை, டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. விண்டோஸை ‘ஷட் டவுன்’ செய்யாமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து அந்தப் பென் டிரைவுக்குள் போங்கள். ஷட் டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், டிஸ்க்கும் முழுதாக மூடியிருக்காது.

பார்ட்டிஷன் பட்டியல் வரும்போது சி-யை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முன்னால் 100 எம்பி அளவில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, பின்னால் ரிகவரி என்று சின்னச் சின்னதாக இருப்பவற்றையும் டிக் செய்யுங்கள். நாளைக்குப் புது எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் கிளம்புவதற்கு அந்த 100 எம்பிதான் வழி. டி-யை விட்டுவிடலாம், அதில் உள்ளவற்றைச் சாதாரணமாகக் காப்பி செய்துகொள்ளுங்கள். முடிந்ததும் ‘வெரிஃபை’ கொடுத்து இமேஜ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புது எஸ்எஸ்டி வாங்கும் நிலை வந்தால் 512 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். 500, 480 என்று எழுதியதை ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று தருவார்கள். ஒன்றில்லை. சிறிய டிஸ்க்கில் இந்த இமேஜ் இறங்காது.

விண்டோஸ் கிளம்பாத நாளில் உடனே இமேஜைப் போட்டுவிடாதீர்கள். அதே பென் டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பினால் உள்ளே ஃபைல் மேனேஜர் இருக்கிறது. சி-யில் கடைசியாகச் சேர்ந்தவற்றை முதலில் வெளியே எடுத்துக்கொண்டு அப்புறம் மீட்கலாம். என்கிரிப்ஷன் ஆன் செய்திருந்தால் இந்த வழியில் சி எளிதாகத் திறக்காது. தினசரி பேக்அப்பை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கும் முன்பும் ஒரு இமேஜ் எடுங்கள். கீபோர்டு மாற்றக் கொடுத்தாலும் ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டும் தருகிறார்கள். வாரன்டிக்குள் இருக்கும் லேப்டாப்புக்கு இதைவிடக் கவனமான நடைமுறை ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் நீங்களே செய்ய முடியாது என்றால் கடைக்காரரிடமே கொடுக்கலாம், 1,500 ரூபாய் தரலாம். ஆனால் வேலை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். இமேஜ் உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்க வேண்டும், அவருடைய டிஸ்க்கில் ஒரு காப்பி கூட இருக்கக் கூடாது. மீட்கும் பென் டிரைவை உங்களிடம் கொடுத்து, அதில் லேப்டாப் கிளம்புவதையும் இமேஜ் தெரிவதையும் காட்டச் சொல்லுங்கள். ‘பென் டிரைவெல்லாம் எதுக்கு சார், ஏதாவது ஆனா இங்கே கொண்டு வாங்க’ என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.