நிறைந்த வயதில் மறைந்த தாயைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதும்போது எங்கிருந்து தொடங்குவது?

நிறைந்த வயதில் காலமான உங்கள் தாயைப் பற்றி, அவரை முதுமையில் மட்டுமே பார்த்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்காக எழுத உட்கார்ந்தால் ‘அன்பே உருவானவர்’, ‘எங்களுக்காகவே வாழ்ந்தவர்’ என்ற இரண்டு வரிகளோடு பேனா நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா 1931-இல் பிறந்து 2023-இல் காலமானார். அவர் மறைந்த சில வாரங்களில் நானும் இதே வேலையில் இறங்கி, நீங்கள் நிற்கும் அதே இடத்தில் பல நாள் நின்றேன். அந்த இரண்டு வரிகளும் பொய்யில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அவற்றை எவர் வீட்டிலும் வாசிக்கலாம்; அதனால்தான் அவற்றுக்குப் பின்னால் மூன்றாவது வரி வருவதில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்களில் மூத்தவரான அக்கா 1955-இல் பிறந்தார். நான் பிறந்தது 1964-இல், தம்பி 1968-இல். ஆக, 92 ஆண்டு வாழ்வின் முதல் 24 ஆண்டுகளுக்கு நாங்கள் மூவருமே சாட்சியில்லை. பேரப்பிள்ளைகளில் மூத்தவள் பிறந்தது 1984-இல் என்பதால், அவளுக்கு விவரம் தெரிந்தபோது பாட்டிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் எவ்வளவு நீண்ட காலம் இருக்கிறாரோ, அவருடைய இளமையைக் கண்டவர்கள் அவ்வளவு பேர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அம்மா இறந்தபோது, அவரைப் பெயர் சொல்லி ‘நீ, வா, போ’ என்று பேசும் உரிமையுள்ளவர் ஒருவர்கூட உயிரோடு இல்லை. நாம் எழுத உட்காரும்போது நம் கையில் இருப்பது பாதி வாழ்க்கைதான் என்பதையும், அதிலும் அவர் நம்மிடம் காட்டிய முகம் மட்டும்தான் என்பதையும் ஒப்புக்கொண்டால் எழுதுவது சற்று எளிதாகிறது.

இது எனக்குப் புலப்பட்டது அவருடைய இறுதி மூன்று ஆண்டுகளில். நினைவு மங்கத் தொடங்கியபின் அம்மா என்னை, நாங்கள் அதுவரை கேட்டேயிராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அழைத்தார். அந்தப் பெண்ணும் தானும் வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றின் மறுகரைவரை நீந்திப் போய்த் திரும்பியதை, அன்றுதான் நடந்ததுபோல, நாளுக்கு நான்கு முறை சொன்னார். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வளர்ந்த காலமெல்லாம் அவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரையிலான காலத்தின் நினைவுகளே விகிதத்துக்கு மீறி மிகுந்து வரும் என்பதை நினைவாற்றலை ஆராய்பவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். எங்கள் பெயர்களையே மறந்துகொண்டிருந்த அம்மாவும் அந்தக் காலத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். நாங்களோ ‘சொன்னதையே சொல்கிறார்’ என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். முதியவர்கள் பழையதைப் பேசுவது வெறும் தளர்ச்சியின் அடையாளமன்று, வாழ்ந்த வாழ்வைத் திரும்ப எடுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்தும் மனத்தின் வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க உளநல மருத்துவர் 1963-இலேயே எழுதியிருக்கிறார். நான் அதை அறிந்தது அம்மா இறந்த பிறகு.

அந்த ஆற்றுக் கதை உண்மையில் நடந்ததா, வேறெதனுடனோ கலந்துபோனதா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. ஆகவே குறிப்பில் அதை ‘அம்மா இப்படிச் சொன்னார்’ என்றே எழுதினேன். உங்களிடமும் இப்படிப்பட்ட கதைகள் இருந்தால், உறுதிப்படுத்த முடியவில்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதைச் சேர்த்து எழுதிவிடுங்கள், போதும்.

அடுத்ததாக, உடன்பிறந்தவர்களைத் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக உட்கார்ந்து பேசினால் மூத்தவர் சொல்வதே எல்லோருடைய நினைவாகவும் மாறிவிடுகிறது. நான் தனித்தனியே கேட்டபோது மூன்று வெவ்வேறு பெண்கள் கிடைத்தார்கள். அக்காவின் அம்மா கண்டிப்பானவர், பதற்றக்காரர், கை நீட்டி அடிப்பவர். தம்பியின் அம்மா எதையும் சிரித்துத் தள்ளிவிடுபவர். பேத்தியின் பாட்டிக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை: அக்கா பிறந்தபோது அம்மாவுக்கு 24 வயது, தம்பி பிறந்தபோது 37, பேத்தி பிறந்தபோது 53. அம்மா எங்கள் மூவரிடமும் ஒரே அளவு பாசம் காட்டினார் என்றும் நான் எழுதவில்லை. தம்பியிடம் அவருக்கு ஒரு தனிச் சாய்வு இருந்தது. அக்கா அறுபது வயதுக்கு மேலும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். இதை எழுதினால் அம்மாவுக்கு அவமரியாதையாகாதா என்று தயங்கி, பிறகு எழுதினேன். அந்தக் குறை இல்லாத அம்மாவை அக்காவால் அடையாளம் காண முடிந்திருக்காது.

இனி, எனக்கு உண்மையிலேயே வழி காட்டிய பொருளுக்கு வருகிறேன். அம்மா தன் கையால் எழுதி விட்டுச்சென்றது ஒரே ஒரு கணக்கு நோட்டு. அதில் பிள்ளைக்கு ஒரு பக்கம், பிறகு பேரப்பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, எடை, உயரம், போட்ட ஊசி, காய்ச்சல் அளவு ஆகியவற்றைத் தேதியோடு குறித்திருந்தார். முதல் குறிப்பு 1955, கடைசிக் குறிப்பு 2019. இடைப்பட்ட 64 ஆண்டுகளில் தன் உடம்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என் பக்கத்தில் 1971-ஆம் ஆண்டின் ஓர் இரவு இப்படிப் பதிவாகியிருக்கிறது: ‘2 மணி 103. 4 மணி 102. 6 மணி 100.’ எனக்கு அந்தக் காய்ச்சல் துளியும் நினைவில்லை. எங்களுக்காகக் கண்விழித்தவர் என்று நான் எழுதி அடித்துவிட்ட வாக்கியத்தின் இடத்தில் இந்த மூன்று எண்களையும் அப்படியே வைத்தேன்.

அக்கா, நான், தம்பி மூவருடைய பக்கத்திலும் ‘அம்மை குத்தியாயிற்று’ என்று இருக்கிறது. 1984-இல் பிறந்த பேத்தியின் பக்கத்தில் மட்டும், ‘அம்மை குத்த வேண்டாமாம். அந்த நோயே இப்போது இல்லையாம்.’ பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். அந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்த விதத்தை அந்த இரண்டு ‘ஆம்’களில் இருக்கும் ஐயத்தைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அக்காவின் மகளான, உயிரியல் கற்பிக்கும் அந்தப் பேத்தி நோட்டைப் பார்த்துவிட்டு, தன் பக்கம் தவறான ஆண்டில் தொடங்குகிறது என்றாள். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. எனவே தன் அம்மா பிறப்பதற்கு முன்பே, தான் பின்னாளில் உருவாகப்போகும் முட்டையையும் பாட்டிதான் சுமந்திருக்கிறார் என்பது அவளுடைய வாதம். வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனால் அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த நோட்டில் எங்களுக்குத் தெரியாத ஒரு பக்கமும் இருந்தது. தெரியாத என்றால், இருந்தது தெரியும், யாரும் திறந்து படித்ததில்லை. அக்காவுக்கும் எனக்கும் இடையில் 1961-இல் ஓர் ஆண் குழந்தை பிறந்து ஏழாம் மாதத்தில் இறந்துபோனது. அவனைப் பற்றி வீட்டில் பேச்சு எழாது. நாங்களும் கேட்டுப் பழகவில்லை. அவனுக்குரிய பக்கத்தில் ஆறு எடைக் குறிப்புகளும், அவற்றின் கீழே ‘பேதி நிற்கவில்லை’ என்று மூன்று தேதிகளில் மூன்று முறையும் எழுதியிருக்கிறது. அதோடு அந்த மை முடிகிறது. அதற்குக் கீழே, வேறு மையில், 1984 என்ற ஆண்டிட்டு: ‘கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கொஞ்சம் கொஞ்சமாக.’

பேதியில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று டாக்காவில் நடந்த ஆய்வு காட்டியது 1968-இல். போரினால் பெயர்ந்துவந்தோர் நிறைந்த முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தி உயிர்களைக் காத்தது 1971-இல். அதாவது 1961-இல் என் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லியிருக்கக்கூடியவர் அநேகமாக எவரும் இல்லை. கைக்குழந்தையான பேத்திக்காகத்தான் 1984-இல் எவரோ சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். நோட்டில் அப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் வெறுமையாக இருந்தன. பேத்தியின் பக்கத்திலேயே பாதிக்கு மேல் இடமிருந்தது. அவர் எழுதுவதற்குத் தேர்ந்துகொண்டது இந்தப் பக்கத்தை.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பை அங்கே எழுதியபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகித்து இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது, ஆனால் அது என் எழுத்து, அதனால் எடுத்துவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்கான குறிப்பை நான் எந்தப் புகழுரையும் இல்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்: ‘உங்கள் பாட்டிக்கு நான்கு பிள்ளைகள்.’ மூன்று என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த முதல் வரியே போதுமானதாக இருந்தது. அதன்பின் அடுத்தடுத்த வரிகள் தாமாக வந்தன. உங்களிடம் இப்படி ஒரு நோட்டு இல்லாமல் போகலாம். ஒரு மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்த தாள், புகைப்படத்தின் பின்பக்கத்தில் எழுதிய தேதி என்று அவர் கை பட்ட ஏதோ ஒன்று இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டு, அதற்குத் தெரிந்த விடையை மட்டும் எழுதத் தொடங்குங்கள்.

அந்தப் பக்கத்தைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுப்பதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அக்கா வேண்டாம் என்றார், தம்பி கொடுக்கலாம் என்றான். ஒரு மாதம் கழித்து அக்காவே கொடுக்கச் சொன்னார். தட்டச்சு செய்த பேரன், பாட்டி ‘சர்கரை’ என்று ‘க்’ என்ற ஒற்றை விட்டு எழுதியிருந்ததைத் திருத்திவிட்டிருந்தான். அதைப் பழையபடியே மாற்றச் சொன்னோம்.