3 கப் அடிச்ச டீம் பெருசா, 6 ஃபைனல் ஆடின டீம் பெருசா? சிம் ஹாக்கி லீக்குக்கு ஒரு கணக்கு

பெரம்பூர்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கேள்வி நீளம், சுருக்கிச் சொல்றேன். லாக்டவுன்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டர்ல ஒரு ஐஸ் ஹாக்கி சிம் லீக் ஆரம்பிச்சிருக்காங்க, ஆளுக்கு ஒரு டீம், ட்ராஃப்ட் (புது பிளேயரை முறை வெச்சு எடுக்குறது), ட்ரேட் (பிளேயரை மாத்திக்கிறது), சம்பள கேப் (டீமோட மொத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு) எல்லாம் உண்டு, மேட்ச்சை மட்டும் சாஃப்ட்வேர் ஓட்டிக் கொடுக்கும். இப்ப 14 சீசன் முடிஞ்சிருக்கு. முதல் 6 சீசன் 10 டீம், அதுல 4 பேர் ப்ளேஆஃப். ஏழாவது சீசன்லேருந்து 16 டீம், 8 பேர் ப்ளேஆஃப். தம்பியோட பெரம்பூர் டீம் முதல் 6 சீசன்ல 3 கப், ஒரு செமி, அதுக்கப்புறம் 2 தடவை குவார்ட்டரோட சரி, மத்த சீசன்ல ப்ளேஆஃபே இல்ல. மயிலாப்பூர்காரர் டீம் 1 கப்தான், ஆனா 5 ஃபைனல்ல தோத்திருக்கு, எப்பவும் மேலேயே இருக்கும். வேளச்சேரி டீம் ஏழாவது சீசன்ல வந்து சேர்ந்துச்சு, 8 சீசன்ல 2 கப். "அண்ணா, வரலாற்றுலயே பெரிய டீம் யாருதுன்னு க்ரூப்ல தினம் சண்டை, நடுநிலையா ஒரு ரேங்க்கிங் எப்படிப் போடுறது?"ன்னு கேக்குறாரு.

நடுநிலைன்னு கேக்குறவர்தான் 3 கப் வெச்சிருக்காரு, அதையும் கவனிச்சுக்கிட்டேன்.

தம்பி, முதல்ல ஒண்ணு. கப்பை எண்ணிப் போட்டா ரேங்க்கிங் ஆயிடும்னு நினைக்காதீங்க, நிஜ ஐஸ் ஹாக்கிலயே அந்தக் கணக்கு உதைக்குது. வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்ஹெச்எல், அங்க சாம்பியனுக்குக் கொடுக்குறது ஸ்டான்லி கப். அதுல மான்ட்ரியல் கனடியன்ஸ் 24 கப், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 13. கேக்கவே பிரமிப்பாத்தான் இருக்கும். ஆனா 1942லேருந்து 1967 வரைக்கும் 25 சீசன் அந்த லீக்ல இருந்ததே ஆறே டீம். அந்த 25ல மான்ட்ரியல் 10, டொராண்டோ 9. ஆறு டீம் லீக்ல சும்மா சீட்டு குலுக்கிப் போட்டாலே ஆளுக்கு 4 கப் விழணும். 1967ல டீம் எண்ணிக்கை 12 ஆச்சு, டொராண்டோ கடைசியா கப் தூக்கினதும் அதே 1967தான். இப்ப 32 டீம், அதே சீட்டுக்கணக்குல ஒருத்தருக்கு 32 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதுக்காக மான்ட்ரியல் சும்மான்னு நான் சொல்லல, 1956லேருந்து 60 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு கப் அடிச்சவங்க அவங்க, ஆறு பேர் லீக்குன்னாலும் அது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ஆறு பேர்ல ஒருத்தன் ஜெயிக்கிற கப்பும் 32 பேர்ல ஒருத்தன் ஜெயிக்கிற கப்பும் ஒரே எடை இல்ல.

அவ்ளோ தூரம் போவானேன், நம்ம ஹாக்கியே இருக்கே. ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு ஆண்கள் ஹாக்கில 8 தங்கம். 1932 லாஸ் ஏஞ்சலஸ்ல விளையாடினதே மூணு டீம், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்காவை 24-1னு போட்டு நொறுக்கினோம், அவங்க ஜப்பான்கிட்டயும் தோத்தாங்க, ஆடின ரெண்டு மேட்ச்சும் தோத்துட்டு வெண்கலத்தோட வீட்டுக்குப் போனாங்க. அடுத்த 1936 பெர்லின்ல 11 டீம். ரெண்டும் தங்கம்தான், ரெண்டும் ஒண்ணா?

இந்த ஒரு உதாரணத்துலயே நான் சொல்லப்போற கணக்கு மொத்தமும் இருக்கு. ஒரு டீம் எந்தக் கட்டம் வரைக்கும் போச்சோ, அந்தக் கட்டத்தை எத்தனை டீம் தொட்டுச்சுன்னு பாருங்க, லீக்ல உள்ள மொத்த டீமை அதால வகுங்க, அவ்ளோதான் பாயிண்ட். 1932 தங்கம் 3 பாயிண்ட், 1936 தங்கம் 11 பாயிண்ட், அமெரிக்காவோட அந்த வெண்கலம் மூணை மூணால வகுத்து 1, அதாவது வந்து நின்னதுக்கு வருகைப் பதிவு மட்டும். (உங்க லீக்ல அந்த வருகைப் பதிவுக்கும் பாயிண்ட் கிடையாது, ப்ளேஆஃப் வரலேன்னா சைபர்.) உங்க 10 டீம் காலத்துல கப் 10, ஃபைனல் தோல்வி 5, செமி 2.5. 16 டீம் காலத்துல கப் 16, ஃபைனல் தோல்வி 8, செமி 4, குவார்ட்டர் 2.

அடுத்தது, நிறைய பேர் விட்டுடுற இடம். ஒரு டீம் எத்தனை சீசன் ஆடுச்சோ அதுக்கு ஏத்த மாதிரி சராசரி டீமுக்கு எவ்ளோ வந்திருக்கும்னு கழிக்கணும். 10 டீம் சீசன்ல மொத்தம் பங்கு போற பாயிண்ட் 10, 5, ரெண்டு 2.5, ஆக 20, அதைப் பத்தால வகுத்தா ஒரு டீமுக்கு 2. 16 டீம் சீசன்ல 16, 8, ரெண்டு 4, நாலு 2, ஆக 40, ஒரு டீமுக்கு 2.5. அப்போ 14 சீசனும் ஆடின டீமுக்கு 12ம் 20ம் சேர்த்து 32 வரணும். ஏழாவது சீசன்ல வந்த வேளச்சேரிக்கு 20 வந்தா போதும்.

இப்ப உங்க டீமைப் போடுறேன். 3 கப்புக்கு 30, செமிக்கு 2.5, அப்புறம் ரெண்டு குவார்ட்டருக்கு 4, மொத்தம் 36.5. சராசரிக்கு மேல 4.5. வேளச்சேரி 2 கப்புக்கு 32, நீங்க அனுப்பின லிஸ்ட்படி ஒரு செமி, ரெண்டு குவார்ட்டர், அதுக்கு 8, மொத்தம் 40, சராசரிக்கு மேல 20. மயிலாப்பூர் 1 கப்புக்கு 16, தோத்த ஃபைனல் பழைய காலத்துல 2, புதுக்காலத்துல 3, அதுக்கு 34, மிச்ச செமி குவார்ட்டர் எல்லாம் சேர்த்து 15, மொத்தம் 65. சராசரிக்கு மேல 33.

ஆமா தம்பி, நீங்க மூணாவது.

உடனே கோவப்படாதீங்க, உங்க பக்க வாதத்தையும் நானே சொல்றேன். கப்பை மட்டும் எண்ணி, டீம் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி கழிச்சாலும் நீங்கதான் முதல்ல வர்றீங்க. 14 சீசன்ல ஒரு சராசரி டீமுக்கு 0.6ம் 0.5ம் சேர்த்து 1.1 கப் வரணும், உங்களுக்கு 3, அப்போ கூடுதல் 1.9. வேளச்சேரிக்குக் கூடுதல் 1.5. மயிலாப்பூர் சராசரிக்கும் 0.1 கம்மி, கடைசி. அதாவது கப்புக்கு எவ்ளோ எடைன்னு முடிவு பண்றதுலயே ரேங்க்கிங் தலைகீழாப் புரண்டுடுது. அதனாலதான் சொல்றேன், எடை எவ்ளோன்னு மூணு பேரும் முதல்ல உக்காந்து பேசி எழுதி வெச்சுட்டு அப்புறம்தான் ஷீட்டையே திறக்கணும், ரிசல்ட்டைப் பாத்துட்டு எடையை மாத்தினா அது கணக்கு இல்ல, வக்காலத்து.

அப்புறம் ஏன் நான் கப்பை மட்டும் எண்ணலைன்னா, ஹாக்கில அதிர்ஷ்டம் ரொம்ப ஜாஸ்தி. கோல் கம்மியா விழுற ஆட்டம், பக் (பந்துக்குப் பதிலா இருக்குற ரப்பர் வட்டு) ஒருத்தன் ஸ்கேட்ல பட்டு திரும்பி உள்ள போச்சுன்னா மேட்ச் போச்சு, உங்க சாஃப்ட்வேரும் அதையெல்லாம் ரேண்டமா உருட்டிப் போட்டுத்தான் ஓட்டுது. ஒரு டீம் எதிராளியை ஒவ்வொரு மேட்ச்சும் 55 சதவீதம் ஜெயிக்கிற அளவுக்கு நல்ல டீம்னு வெச்சுக்கோங்க. 7 மேட்ச் சீரீஸ்ல, அதாவது முதல்ல 4 மேட்ச் எடுக்குறவனுக்கு சீரீஸ்னா, அது ஜெயிக்கிற வாய்ப்பு 61 சதவீதம்தான். மூணு சீரீஸ் தொடர்ந்து ஜெயிச்சாத்தான் கப், அதுக்கு 23 சதவீதம்தான் தேறும். 60 சதவீத டீம்னா, அது பயங்கர டீம், அதுக்கே சீரீஸுக்கு 71, மூணு ரவுண்டுக்கு 36. லீக்லயே நல்ல டீமா இருந்தும் மூணுல ரெண்டு தடவை கப் கையை விட்டுப் போகும்! நிஜத்துலயும் இதான் கதை. 2022-23ல பாஸ்டன் ப்ரூயின்ஸ் 65 வெற்றி, 135 பாயிண்ட், என்ஹெச்எல் வரலாற்றுலயே யாரும் எடுக்காத சீசன், முதல் ரவுண்டுலயே ஃப்ளோரிடாகிட்ட ஏழாவது மேட்ச்ல தோத்து வெளிய போயிட்டாங்க. 2018-19ல டாம்பா பே 62 வெற்றி, முதல் ரவுண்டுலயே கொலம்பஸ்கிட்ட சீரீஸை 4-0னு தோத்தாங்க.

இதுல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. உங்க பழைய காலத்துல 4 பேர்தான் ப்ளேஆஃப், ரெண்டே ரவுண்டு. அதே 60 சதவீத டீமுக்கு ரெண்டு ரவுண்டுன்னா 50 சதவீதம், மூணு ரவுண்டுன்னா 36. நல்ல டீம் வெச்சிருந்த உங்களுக்கு அப்ப கப் கொஞ்சம் சுலபமாவே கிடைச்சிருக்கு.

ஃபைனல்ல தோத்தா என்ன பெருமைன்னு கேப்பீங்க. சென்னைக்காரர் கேக்கக்கூடாத கேள்வி அது. ஐபிஎல்ல 2025 வரைக்கும் நம்ம சூப்பர் கிங்ஸ் 5 கப், மும்பையும் 5 கப். ஆனா நம்ம ஆளுங்க ஆடின ஃபைனல் 10, அவங்க ஆடினது 6, அதுவும் நாம ரெண்டு வருஷம் வெளிய உக்காந்திருந்தும். டீக்கடைல யாராவது ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா உடனே அந்த 10 ஃபைனலைத்தானே எடுத்து விடுவோம்? அதே நியாயம்தான் மயிலாப்பூருக்கும். (2025ல நாம கடைசி இடம் வந்தது இந்தக் கணக்குல சைபர், அதைப் பத்தி பேச வேணாம்.)

வேளச்சேரி விஷயத்துல எனக்கே கொஞ்சம் யோசனை. கூட்டிக் கழிச்சா 33க்கு 20, ஆனா வகுத்துப் பாத்தா மயிலாப்பூர் சராசரியைப் போல 2.03 மடங்கு, வேளச்சேரி 2 மடங்கு, கிட்டத்தட்ட சமம். வகுத்தல் கணக்கை நம்பினா புதுசா வந்தவனுக்கு ஓவர் சாதகம், குஜராத் டைட்டன்ஸ் 2022ல வந்து முதல் வருஷமே கப், அடுத்த வருஷம் ஃபைனல், அந்த ரெண்டு வருஷத்தோட நிறுத்தி வகுத்திருந்தா ஐபிஎல் வரலாற்றுலயே பெரிய டீம் அவங்கதான்னு வந்திருக்கும். நீடிச்சு நிக்கிறதும் ஒரு வெற்றிதான்னு நான் நினைக்கிறேன், அதனால கழித்தல் கணக்குதான் போடுவேன். வேணும்னா 5 சீசன் ஆடாத டீமை லிஸ்ட்லயே சேக்காதீங்க.

ரெகுலர் சீசன் பாயிண்டை இதோட கலக்காதீங்க, தனியா வைங்க. ஓவர்டைம்ல தோத்தாலும் 1 பாயிண்ட் கொடுக்குற முறைல சில மேட்ச்சுக்கு 2 பாயிண்ட் பங்கு போகும், சிலதுக்கு 3, அதனால ரெண்டு சீசனோட பாயிண்டை நேரா ஒப்பிட முடியாது, சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறினா கோல் எண்ணிக்கையும் மாறிடும். மேட்ச்சுக்கு எத்தனை கோல் வித்தியாசம்னு எடுத்து, அந்த சீசன்ல மத்த டீமோட ஒப்பிட்டு எத்தனாவது இடம்னு பாருங்க, சமமா வந்தா அதை வெச்சு முடிவு பண்ணுங்க, போதும்.

ஈலோ ரேட்டிங் (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறி இறங்குற செஸ் ரேட்டிங் முறை) போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, செஸ் ஊர்ல இருந்துட்டு கேக்காம இருப்பீங்களா. போடலாம், அழகான முறை, 200 பாயிண்ட் வித்தியாசம்னா மேல இருக்குறவன் கிட்டத்தட்ட 76 சதவீதம் எடுப்பான்னு பட்டுனு சொல்லும். ஆனா அது பதில் சொல்றது "இன்னிக்கு யாரு பலசாலி"ங்குற கேள்விக்கு. 2024 டிசம்பர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனப்போ ரேட்டிங்ல நம்பர் 1 கார்ல்சன்தான், ரெண்டும் உண்மை, ரெண்டும் வேற வேற. உங்க க்ரூப்ல நடக்குறது வரலாற்றுச் சண்டை, ஈலோ அதுக்குள்ள வந்தா சண்டை ரெண்டாயிடும்.

ஒன்பதாவது சீசன்ல டீம் பேரை மாத்தினேன், பழைய கப் எல்லாம் சேருமான்னு ஒரு பயம் இருக்கு உங்களுக்கு. சேரும். பிளேயர் லிஸ்ட்டும் கான்ட்ராக்ட்டும் அப்படியே தொடர்ந்துச்சுன்னா ஒரே டீம்தான். க்யூபெக் நார்டிக்ஸ் 1995ல கொலராடோவுக்குக் குடி போச்சு, அடுத்த வருஷமே கப், ஊரும் பேரும்தான் மாறுச்சே தவிர டீம் அதேதான். நம்ம ஊர்ல டெக்கான் சார்ஜர்ஸ் 2009, சன்ரைசர்ஸ் 2016, ரெண்டும் ஐதராபாத், ஆனா பழைய டீம் கலைஞ்சு புது ஓனர் புது டீமா வந்ததால கப்பைக் கூட்ட மாட்டோம். டீமைக் கையில வெச்சிருந்த ஆளுக்குன்னு இன்னொரு லிஸ்ட் போடுங்க, சிம் லீக்ல உண்மையான பிளேயர் அவருதானே. யாராவது பாதில விட்டுட்டுப் போயிருந்தா இந்த ரெண்டு லிஸ்ட்டும் நல்லா வித்தியாசப்படும்.

உங்க மனசு ஆற ஒண்ணு. காலத்தைப் பிரிச்சுப் போட்டா, உங்க முதல் 6 சீசன் 32.5, சராசரி 12, அதாவது 2.7 மடங்கு. மயிலாப்பூரோட கடைசி 8 சீசன் 50, சராசரி 20, 2.5 மடங்குதான். ஒரு காலகட்டத்துல அதிகமா ஆட்டிப் படைச்ச டீம்னு உங்க பேரைப் போடலாம், மயிலாப்பூர்காரர் சீசனுக்கு எவ்ளோ கூடுதல்னு கழிச்சுப் பாப்பாரு, அதுல அவருக்கு 3.75, உங்களுக்கு 3.4, அதையும் சொல்லி வெச்சுடுறேன்.

கடைசியா நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி. முதல் ரெண்டு சீசன்ல ஆள் கிடைக்காம 3 டீமை கம்ப்யூட்டரே ஓட்டுச்சு, அந்த ரெண்டு சீசனும் கப் உங்களுக்குன்னு. கம்ப்யூட்டர் டீம் ஒழுங்கா பாதிக்குப் பாதி ஜெயிச்சிருந்தா அதையும் டீமா எண்ணுங்க, தப்பில்ல. ஆனா சிம் லீக்ல வழக்கமா நடக்குறது என்னன்னா, கம்ப்யூட்டர்கிட்ட வயசான ரெண்டு பேரைக் கொடுத்துட்டு நல்ல சென்டரையும் (நடுவுல ஆடுற முன்வரிசை ஆள்) கோல்கீப்பரையும் உருவிட்டு வந்துடுவாங்க, அது ஒத்துக்கும். அந்த ரெண்டு சீசன் ட்ரேட் லிஸ்ட்டை நீங்களே தனியா எடுத்துப் பாருங்க. அப்படி நடந்திருந்தா அந்த சீசனுக்கு 10 டீம் இல்ல, 7. ரெண்டு கப்பும் 10லேருந்து 7 ஆயிடும், உங்க மொத்தம் 30.5, சராசரி அதே 32. மைனஸ் 1.5 வருது தம்பி. நான் க்ரூப்ல சொல்லல.